கடலடியில் ஓர் ஒலி, நான்கு நொடி, கடலின் வெப்பம்

வங்காள விரிகுடாவின் மேற்பரப்பு இன்று எவ்வளவு சூடாக இருக்கிறது என்று செயற்கைக்கோளைக் கேட்டால் உடனே சொல்லிவிடும். அதே இடத்தில் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் எவ்வளவு என்று கேட்டால் கைவிரித்துவிடும். செயற்கைக்கோள் பார்ப்பது கடலின் மேல்தோலை மட்டுமே. அகச்சிவப்புக் கதிரும் ரேடியோ அலையும் உப்புநீருக்குள் சற்று இறங்குவதற்குள் அடங்கிவிடுகின்றன. சூரிய ஒளிகூட 200 மீட்டரைத் தாண்டினால் பெயருக்குத்தான் இருக்கும். 1,000 மீட்டருக்குக் கீழே முழு இருட்டு.

கப்பலை நிறுத்தி, கம்பியில் கருவியைக் கட்டி இறக்கி அளக்கலாம். மிக நம்பகமான அளவு அதுதான். ஆனால் 4,000 மீட்டர் இறக்கி ஏற்றச் சில மணி நேரம் பிடிக்கும். கப்பல் கிளம்பிய பிறகு அந்த இடத்தில் என்ன நடந்தது என்பது யாருக்கும் தெரியாது. ஆர்கோ எனப்படும் தானியங்கி மிதவைகள் பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை மூழ்கி எழுந்து அளவுகளை அனுப்புகின்றன. உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 மிதவைகள் இப்படி உலவுகின்றன. ஆனால் அவை நீரோட்டம் இழுக்கும் பக்கம் போய்விடும். ஒரே இடத்தில் உட்கார்ந்து, மணிக்கு மணி, ஆண்டுக்கணக்கில் கவனிக்க வேண்டுமென்றால் கடலடிக்குத்தான் போக வேண்டும். அங்கே உட்கார்ந்த கருவி தலைக்கு மேலிருக்கும் நான்கு கிலோமீட்டர் நீரை அறிய ஒலியைத் தவிர வேறு வழி இல்லை.

ஒலி நீரில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை 1826-இல் ஜெனீவா ஏரியில் அளந்தார்கள். டேனியல் கொல்லடோன், சார்ல்ஸ் ஸ்டர்ம் என்ற இருவர். ஒரு படகில் நீருக்குள் தொங்கவிட்ட மணியை அடிக்கும் அதே கணத்தில் படகின் மேலே வெடிமருந்து பளிச்சென்று எரியும். பதின்மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் மற்றொரு படகில் இருப்பவர் வெளிச்சத்தைப் பார்த்ததும் கடிகாரத்தை ஓடவிட்டு, நீருக்குள் இறக்கிய குழாய் வழியே மணியோசை கேட்டதும் நிறுத்துவார். கிடைத்த விடை நொடிக்கு 1,435 மீட்டர். கையில் பிடித்த கடிகாரத்தைக் கொண்டு இவ்வளவு சரியாக அளந்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்புதான். கடல்நீரில் இந்த வேகம் சராசரியாக நொடிக்கு 1,500 மீட்டர். காற்றில் ஒலி போவதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல்.

இந்த 1,500 என்பது நிலையான எண் அல்ல. நீர் ஒரு டிகிரி சூடானால் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர் கூடும். ஒரு கிலோ நீரில் உப்பு ஒரு கிராம் கூடினால் 1.3 மீட்டர் அளவுக்குக் கூடும். ஆழம் 100 மீட்டர் கூடினால், அழுத்தத்தின் காரணமாக, 1.6 அல்லது 1.7 மீட்டர் கூடும். இந்த மூன்றில் வெப்பத்தின் கைதான் ஓங்கி இருக்கிறது, ஏனென்றால் திறந்த கடலில் உப்பு பெரிதாக மாறுவதில்லை, ஓரிடத்தின் ஆழமும் மாறுவதில்லை. ஆக, ஒலி எடுத்துக்கொண்ட நேரம் தெரிந்தால் அது கடந்துவந்த நீரின் வெப்பம் தெரியும். இக்கட்டுரையில் வரப்போகும் கருவிகளில் பல இந்த ஒரே கருத்தில் நிற்கின்றன.

இக்கருத்தை மிக எளிய வடிவில் பயன்படுத்தும் கருவி தலைகீழ் எதிரொலிமானி. விசைப்படகுகளில் இருக்கும் எக்கோ சவுண்டரைப் பலர் பார்த்திருப்பார்கள். அது கீழ்நோக்கி ஒலி அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைச் சொல்கிறது. இதைத் தலைகீழாகத் திருப்பிக் கடலடியில் வைத்தால் ஒலி மேலே போய், நீர்ப்பரப்பில் மோதி, கீழே திரும்பும். படகில் இருப்பது ஒலியின் வேகத்தைத் தெரிந்ததாக வைத்துக்கொண்டு ஆழத்தைக் கண்டுபிடிக்கிறது. கடலடியில் இருப்பது ஆழத்தைத் தெரிந்ததாக வைத்துக்கொண்டு வேகத்தைக் கண்டுபிடிக்கிறது. 1969-இல் தாமஸ் ராஸ்பி இந்த வழியை முன்வைத்தார். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில்தான் இக்கருவி பின்னர் வளர்ந்து இன்றைய வடிவத்துக்கு வந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆழம் 3,000 மீட்டர். ஒலி போய்வர 6,000 மீட்டர், அதாவது 4 நொடி. இப்போது மேலே உள்ள 1,000 மீட்டர் நீர் மட்டும் ஒரு டிகிரி சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அடுக்கில் ஒலியின் வேகம் 1,500-லிருந்து 1,504 ஆகிறது. போய்வரும் நேரம் சுமார் மூன்றரை மில்லி நொடி குறைகிறது. நான்கு நொடியில் மூன்றரை மில்லி நொடி என்றால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் மின்னணுக் கடிகாரத்துக்கு இது பெரிய வித்தியாசம்தான்.

சிக்கல் கடிகாரத்தில் இல்லை, கடலின் மேற்பரப்பில் இருக்கிறது. அது கண்ணாடிபோல் தட்டையாக இருப்பதில்லை. அலையின் முகட்டில் மோதிய ஒலி சற்று முன்பின்னாகத் திரும்பும். புயல் நாளில் எதிரொலி சிதறிப்போகும். அதனால் கருவி ஓர் ஒலியோடு நிறுத்துவதில்லை. வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நான்கு துடிப்புகளை அனுப்பி, ஒரு மணி நேரத்தில் சேரும் 24 அளவுகளிலிருந்து பொருத்தமான ஒரே எண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். துடிப்பின் அதிர்வெண் 12 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். நம் காதுக்கும் எட்டக்கூடிய ஒலிதான், மிகக் கீச்சென்று கேட்கும்.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. ஓதத்தால், அதாவது நாள்தோறும் கடல் ஏறி வற்றுவதால், கடல்மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தால் ஒலி இரண்டு மீட்டர் கூடுதலாகப் போய்வர வேண்டும், நேரம் 1.3 மில்லி நொடி கூடிவிடும். வெப்பத்தால் வந்த மாற்றமா, ஓதத்தால் வந்த மாற்றமா என்று நேரத்தை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது. இதற்காகத்தான் இக்கருவியில் நுட்பமான குவார்ட்ஸ் அழுத்தமானி ஒன்றும் சேர்க்கப்பட்டது. கடலடியில் இருக்கும் அழுத்தமானி உண்மையில் அளப்பது தன் தலைக்கு மேலிருக்கும் நீரின் எடையை. ஓதம் ஏறினால் நீர் கூடுகிறது, எடை கூடுகிறது, அழுத்தமானி காட்டிக்கொடுத்துவிடுகிறது.

எனக்கு இக்கருவியில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கடல்மட்டம் உயர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நீர் கூடுவது: பனி உருகி வந்தாலும் சரி, வேறிடத்திலிருந்து நீர் வந்து சேர்ந்தாலும் சரி. மற்றொன்று, இருக்கும் நீரே சூடாகி விரிவது. மேலிருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்கு இரண்டும் ஒன்றுதான். அது உயரத்தை மட்டும் அளக்கிறது. கடலடிக் கருவிக்கு இரண்டும் வேறு வேறு. நீர் கூடினால் எடை கூடும். நீர் விரிந்தால் எடை அப்படியே இருக்கும், ஆனால் ஒலி சீக்கிரம் திரும்பிவிடும். நாம் எடுத்துக்கொண்ட கணக்கில் 1,000 மீட்டர் நீர் ஒரு டிகிரி சூடானால் கடல்மட்டம் ஏறத்தாழ 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரும். ஒலி போக வேண்டிய தூரம் கூடிவிட்டது. அந்தக் கூடுதல் தூரத்துக்கு ஆவது கால் மில்லி நொடிதான். சூட்டினால் மிச்சமாவதோ மூன்றரை. பாதை நீண்டும் ஒலி முன்கூட்டியே வந்து சேர்கிறது.

கிடைப்பது ஒரே ஓர் எண், ஒலி போய்வந்த நேரம். அதை வைத்து 200 மீட்டரில் எத்தனை டிகிரி, 800 மீட்டரில் எத்தனை டிகிரி என்று எப்படிச் சொல்கிறார்கள்? பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்துப் பழுத்திருக்கிறதா இல்லையா என்று சொல்லும் வியாபாரியின் வித்தைதான். அவர் பழத்துக்குள் பார்க்கவில்லை; இதற்கு முன் தட்டி அறுத்த பழங்கள் அவர் நினைவில் இருக்கின்றன. அதேபோல் ஒரு கடற்பகுதியில் கப்பல்களும் மிதவைகளும் ஏற்கெனவே எடுத்துவைத்த நூற்றுக்கணக்கான வெப்ப, உப்பு அளவுகளை எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வோர் அளவுக்கும் ஒலி போய்வர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று கணக்கிட்டு, நேரத்தின் வரிசையில் அடுக்குகிறார்கள். பிறகு கருவி ஒரு நேரத்தைச் சொன்னால் அந்த நேரத்துக்குரிய முழு வெப்ப அடுக்கையும் அட்டவணையிலிருந்து எடுத்துவிடலாம்.

இது எங்கும் ஒரேபோல் பலிப்பதில்லை. வளைகுடா நீரோட்டம் போன்ற இடங்களில் மிக நன்றாகப் பலிக்கிறது. அமெரிக்காவின் கிழக்கே ஓடும் அந்த ஓட்டத்தின் ஒரு பக்கம் ஆழம்வரை வெதுவெதுப்பான நீர், மறுபக்கம் குளிர்ந்த நீர். ஓட்டம் நெளிந்து கருவியின் தலைக்கு மேலே நகரும்போது ஒலியின் நேரம் பல மில்லி நொடிகள் தாவிவிடும். இரண்டு கருவிகளைச் சற்றுத் தள்ளித் தள்ளி வைத்தால் இன்னொரு லாபமும் உண்டு: ஒரு பக்க நீரின் அடர்த்திக்கும் மறுபக்க நீரின் அடர்த்திக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து, புவியின் சுழற்சியையும் கணக்கில் சேர்த்து, நடுவே எவ்வளவு வேகமாக நீர் ஓடுகிறது என்று கணித்துவிடலாம். ஜப்பானுக்குக் கிழக்கே குரோஷியோ நீரோட்டத்தில் 2004 முதல் 2006 வரையும், தென் அமெரிக்காவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் இடையே டிரேக் நீரிணையில் 2007 முதல் 2011 வரையும் இப்படிக் கருவிகளை வரிசையாகப் பரப்பி வைத்து அளந்தார்கள்.

வங்காள விரிகுடாவில் நிலைமை வேறு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி ஆகியவை கொட்டும் நன்னீர் கடலின் மேலே மெல்லிய அடுக்காகப் படர்ந்து நிற்கும். உப்புக் குறைந்த அந்த அடுக்கு கீழுள்ள நீரோடு எளிதில் கலக்காது. புயல் கடந்துபோகும்போது அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வராமல் தடுத்து, புயலுக்குத் தீனி போடுவதும் இதுதான். ஆனால் சில பத்து மீட்டர் தடிப்புள்ள இந்த அடுக்கு ஒலியின் நேரத்தில் ஒரு மில்லி நொடிகூட மாற்றம் செய்யாது. ஆக, நம் கடலில் வானிலைக்கு மிக முக்கியமான ஒன்று இக்கருவியின் கண்ணில் ஏறத்தாழப் படுவதே இல்லை. ஆழ்கடலின் பெரிய அசைவுகளைப் பிடிக்கத்தான் இது நல்ல கருவி; மேலடுக்கின் நுணுக்கத்துக்கு நங்கூரமிட்ட மிதவைகளையும் கப்பல்களையும்தான் நம்ப வேண்டும்.

அழுத்தமானிக்கும் ஒரு குறை உண்டு. பல ஆண்டுகள் பெரும் அழுத்தத்தில் கிடக்கும்போது அதன் அளவு தானாகவே மெல்ல நகரும். ஆண்டுக்கு ஒரு சில சென்டிமீட்டர் நீருக்குச் சமமான நகர்வுகூட இருக்கலாம். நாளுக்கு நாள் மாறுவதை அளக்க இது தடையில்லை. கடல்மட்டம் பத்தாண்டில் எவ்வளவு உயர்ந்தது என்ற கேள்விக்கு மட்டும் அதைத் தனியாக நம்ப முடியாது.

கருவியின் உருவம் நம்ப முடியாத அளவுக்கு எளிமையானது. 43 சென்டிமீட்டர் விட்டமுள்ள தடித்த கண்ணாடிக் கோளம். உள்ளே மின்கலங்கள், கடிகாரம், நினைவகம். வெளியே ஒலி அனுப்பி. நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் காற்றழுத்தத்தைப்போல் 400 மடங்கு அழுத்தம் இருக்கும். கோள வடிவம் அதை எல்லாப் பக்கமும் சமமாகத் தாங்கிக்கொள்ளும். எஃகு நங்கூரத்தோடு பிணைத்துக் கப்பலிலிருந்து தள்ளிவிட்டால் தானே மூழ்கி அடியில் அமர்ந்துகொள்ளும். கயிறும் இல்லை, மேலே மிதவையும் இல்லை. மீன்பிடிப் படகுகளின் வலையில் சிக்காமலும், யாரும் அவிழ்த்துக்கொண்டு போகாமலும் தப்பிக்க இது நல்ல வழி. நான்கைந்து ஆண்டுகள் மின்கலம் தாங்கும்.

திரும்ப எடுப்பதும் ஒலியால்தான். கப்பல் மேலே வந்து குறிப்பிட்ட ஒலிக்குறியை அனுப்பினால், கோளத்தை நங்கூரத்தோடு பிணைத்திருக்கும் சிறு கம்பியில் மின்சாரம் பாயும். உப்புநீரில் அந்தக் கம்பி சில நிமிடங்களில் அரித்துப்போகும். நங்கூரம் அடியிலேயே கிடக்க, காற்றடைத்த கோளம் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் மேலேறும்; ஆழ்கடலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கும். மேலே வந்ததும் ரேடியோக் குறியும் மின்னும் விளக்கும் அதன் இடத்தைக் காட்டும்.

எடுக்காமலே தகவலைப் பெறுவதும் உண்டு. அதற்கு ஆய்வாளர்கள் கண்டுபிடித்த வழி அழகானது. கருவி எண்களை அனுப்புவதில்லை. ஒரு குறிப்பு ஒலியை அனுப்பிவிட்டு, இன்னோர் ஒலியைச் சற்றுத் தாமதித்து அனுப்புகிறது. எவ்வளவு தாமதம் என்பதுதான் தகவல். மின்கலத்தில் சொற்பமே இருக்கும் ஒரு கருவிக்கு இதைவிடச் சிக்கனமான பேச்சு கிடைக்காது.

சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் வங்காள விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் பராமரிக்கும் சுனாமி மிதவைகளுக்கு அடியிலும் இதன் உறவினர் ஒன்று இருக்கிறது. கடலடியில் ஓர் அழுத்தமானி; அது அளப்பதை ஒலி மோடம் நீர் வழியே மேலே அனுப்பும்; மேலே மிதக்கும் மிதவை அதைச் செயற்கைக்கோள் வழியே ஹைதராபாத்தில் உள்ள எச்சரிக்கை மையத்துக்குச் சேர்க்கும். 2004 டிசம்பர் 26 அன்று, நிலநடுக்கம் நேர்ந்து இரண்டு மணி நேரம் கழித்து, கடல்மட்டத்தை அளக்கும் ஜேசன் செயற்கைக்கோள் இந்தியப் பெருங்கடலில் சுனாமியைத் தற்செயலாகக் கடந்தது. ஆழ்கடலில் அதன் உயரம் 60 சென்டிமீட்டர் அளவுதான். படகில் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் கடலடி அழுத்தமானிக்கு ஒரு சென்டிமீட்டர் உயர்வுகூடப் புலப்படும்.

இனி நீரோட்டம். நம் மீனவர்கள் நீவாடு என்று சொல்வதை, நீரின் ஒவ்வொரு மட்டத்திலும் தனித்தனியாக அளக்க டாப்ளர் நீரோட்டமானி இருக்கிறது. இதுவும் கடலடியில் மேல்நோக்கி உட்கார்ந்திருக்கும். ஆனால் இது மேற்பரப்பின் எதிரொலியைத் தேடுவதில்லை. நீரோடு மிதந்து செல்லும் நுண்ணிய உயிரிகளிலும் துகள்களிலும் பட்டு வரும் மெல்லிய எதிரொலியைக் கேட்கிறது. அந்தத் துகள் கருவியை நோக்கி வந்தால் எதிரொலியின் அதிர்வெண் சற்றுக் கூடும், விலகிப்போனால் குறையும். 300 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பும் கருவியை நோக்கி ஒரு துகள் நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் வந்தால் 40 ஹெர்ட்ஸ் மாறும். எதிரொலி சீக்கிரம் வந்தால் அது அருகில் உள்ள நீர், தாமதமாக வந்தால் மேலே உள்ள நீர். நான்கு சாய்ந்த திசைகளில் ஒலி அனுப்பி, திசையையும் வேகத்தையும் சேர்த்துக் கணிக்கிறார்கள். அதிர்வெண் கூடக் கூட நுணுக்கம் கூடும், எட்டும் தூரம் குறையும்: 300 கிலோஹெர்ட்ஸ் நூறு மீட்டர் அளவுக்கு எட்டும், 75 கிலோஹெர்ட்ஸ் ஐந்நூறு மீட்டர் வரை போகும். மேற்பரப்பை ஒட்டிய சிறு பகுதி மட்டும் இதற்குத் தெரியாது. நேர் மேலே கசியும் ஒலி நீர்ப்பரப்பில் பட்டு வரும் பலத்த எதிரொலி மற்றதை மூழ்கடித்துவிடும். ஆழம் குறைந்த கடலில் இழுவலையில் சிக்காமலிருக்க, வலை வழுக்கிப்போகும்படி சரிந்த பக்கங்கள் கொண்ட சட்டத்துக்குள் இதை வைத்துவிடுகிறார்கள்.

எந்த ஒலியையும் அனுப்பாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் கருவிகளும் உண்டு. நீருக்கடியில் வைக்கும் ஒலிவாங்கியான ஹைட்ரோபோனில் காற்றும் மழையும் வேறு வேறாகக் கேட்கும். காற்று வலுத்தால் அலை உடைந்து குமிழிகள் பெருகி இரைச்சல் கூடும். சிறு மழைத்துளி நீரில் விழும்போது தன்னோடு ஒரு காற்றுக் குமிழியை இழுத்துக்கொண்டு போகிறது. அந்தக் குமிழி 15 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்கும். தூறலுக்கே உரிய அடையாளம் அது. வெப்பமண்டல ஆழமற்ற கடல்களில் வெடி இறால்கள் கொடுக்கால் சொடுக்கும் படபடப்பு இவற்றோடு கலந்துவிடும், பிரிப்பது எளிதல்ல. இந்தியா 2014 ஜூலையில் ஆர்க்டிக்கில் கோங்ஸ்ஃபியோர்டன் என்ற கடற்கழியில் 192 மீட்டர் ஆழத்தில் நங்கூரமிட்ட கருவித் தொகுதியோடும் ஹைட்ரோபோன் வைத்துக் கேட்டிருக்கிறார்கள்.

இதுவரை ஒலி செங்குத்தாகப் போனது. கிடையாகவும் அனுப்பலாம், அதுவும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். மேலே வெப்பத்தாலும் கீழே அழுத்தத்தாலும் ஒலி வேகமாகப் போவதால், நடுவே ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழத்தில் வேகம் மிகக் குறைந்த ஓர் அடுக்கு இருக்கிறது. ஒலி எப்போதும் வேகம் குறைந்த பக்கம் வளையும். அதனால் இந்த அடுக்கில் அகப்பட்ட ஒலி மேலேயும் கீழேயும் சிதறாமல் நெடுந்தூரம் போகும். 1979-இல் வால்டர் மங்க், கார்ல் வுன்ச் என்ற கடலியல் அறிஞர்கள் இருவரும் இதைக் கொண்டு கடலையே ஊடுகதிர்ப் படம்போல் எடுக்கலாம் என்றார்கள். 1991 ஜனவரியில் தென் இந்தியப் பெருங்கடலின் ஹெர்ட் தீவருகே ஒரு கப்பலிலிருந்து 57 ஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பினார்கள். 18,000 கிலோமீட்டர் தாண்டி அமெரிக்கக் கடற்கரைகளில் கேட்டது. போய்ச்சேர மூன்றரை மணி நேரம் அளவு ஆனது. பின்னர் கலிபோர்னியா அருகிலும் ஹவாயின் கவாய் தீவருகிலும் கடலடியிலேயே 75 ஹெர்ட்ஸ் ஒலிபெருக்கிகளை வைத்தார்கள். திமிங்கிலங்களுக்கு இந்த ஒலி தொல்லையாகுமா என்ற எதிர்ப்பு வலுவாக எழுந்ததால் திட்டம் தள்ளிப்போனது. அது நியாயமான கேள்விதான். ஆனால் கப்பல்கள் நாள்தோறும் போடும் இரைச்சலைப் பற்றி யாரும் அவ்வளவு கூர்மையாகக் கேள்வி எழுப்பியதில்லை.

யாரும் ஒலி அனுப்பாமல் இதைச் செய்ய முடியும் என்று ஆய்வாளர்கள் சிலர் 2020-இல் காட்டினார்கள். சுமத்ரா அருகே நியாஸ் தீவையொட்டிய கடலடிப் பிளவில் ஒரே இடம் திரும்பத் திரும்ப அசைந்து சிறு நிலநடுக்கங்களை உண்டாக்குகிறது. அந்த அதிர்வு கடலுக்குள் ஒலியாக நுழைந்து, ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் பயணம் செய்து, அரை மணி நேரம் கழித்து இந்தியப் பெருங்கடலின் நடுவே உள்ள டியகோ கார்சியா தீவின் நிலநடுக்கமானியில் பதிவாகிறது. புறப்படும் இடம் அதே, சேரும் இடமும் அதே. ஆண்டுகள் இடைவிட்டு நேர்ந்த இரண்டு நிலநடுக்கங்களின் ஒலி வந்துசேரும் நேரம் மாறியிருந்தால் இடையிலிருக்கும் நீர்தான் மாறியிருக்க வேண்டும். 2005 முதல் 2016 வரையிலான பதிவுகளிலிருந்து, கிழக்கு இந்தியப் பெருங்கடலின் ஆழநீர் பத்தாண்டுக்கு 0.044 டிகிரி சூடாகிவருவதாகக் கணித்தார்கள். அரை மணி நேரப் பயணத்தில் பத்தாண்டுக்குக் கால் நொடி அளவு வித்தியாசம்.

அதே ஆய்வாளர்கள் பின்னர் அணுகுண்டுச் சோதனைத் தடை ஒப்பந்த அமைப்பின் ஹைட்ரோபோன்களையும் பயன்படுத்தினார்கள். டியகோ கார்சியா அருகிலும் ஆஸ்திரேலியாவின் லீவின் முனை அருகிலும், கடலடியில் நங்கூரமிட்டு, ஒலி அகப்படும் அந்த அடுக்கிலேயே நிறுத்தப்பட்டவை அவை. 2017 நவம்பரில் மூழ்கிய அர்ஜென்டினாவின் சான் ஹுவான் நீர்மூழ்கியின் கடைசி ஒலியைப் பிடித்ததும் இதே அமைப்பின் வேறு இரண்டு நிலையங்கள்தான். தீவில் உள்ள நிலநடுக்கமானியைவிட நீருக்குள் இருக்கும் ஹைட்ரோபோன் தெளிவாகக் கேட்கும் என்பதால் இன்னும் சிறிய நிலநடுக்கங்களும் கணக்கில் வருகின்றன. சிறிய நிலநடுக்கங்கள் அடிக்கடி நேர்கின்றன. அதனால் கடலின் வெப்பத்தைக் குறுகிய இடைவெளிகளில் அளக்க முடிகிறது.